குற்றியோ மகனோ: ஐயம் என்ற சொல்லும் அதன் சுற்றமும்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. 2015 டிசம்பரையும் 2023இன் மிக்ஜாம் புயலையும் மறக்காத வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினார்கள். 15ஆம் தேதி நன்றாகவே பெய்தது. எல்லோரும் அஞ்சிக் காத்திருந்த 16ஆம் தேதி மழை அந்த அளவுக்கு வரவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை அப்புறம் ஒரே பேச்சு: ‘ரெட் அலர்ட்னு சும்மா பயமுறுத்திட்டாங்க.’

நுங்கம்பாக்கத்திலிருந்து வரும் அறிக்கையின் மொழியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இந்தக் கோபம் வந்திருக்காது. ‘ஓரிரு இடங்களில்’ என்று அவர்கள் எழுதினால் அதற்கு ஓர் அளவு உண்டு: அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாத இடங்களில் என்று பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 விழுக்காடு வரை. ‘கனமழை’ என்பதும் வாய்க்கு வந்த சொல் கிடையாது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்வதுதான் கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற நிறங்களும் இவ்வளவு மழை பெய்தே தீரும் என்ற வாக்குறுதிகள் ஆகா. பெய்தால் என்ன சேதம் வரும், பெய்வதற்கு எவ்வளவு சாத்தியம் என்ற இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, ‘இப்போது நீ என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்பவை அவை. மேம்பாலத்தில் காரை ஏற்றியவர்கள் அறிக்கையைச் சரியாகவே புரிந்துகொண்டவர்கள்; மறுநாள் திட்டியவர்கள்தான் தவறாகப் படித்தார்கள்.

அறிக்கையின் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. ‘வாய்ப்பு உள்ளது’ என்ற தொடர். வாய்த்தல் என்றால் நல்லபடியாக அமைவது. மருமகள் வாய்ப்பாள், நல்ல வேலை வாய்க்கும். ‘தாழ்வான பகுதிகளில் வெள்ளம் சூழ வாய்ப்பு உள்ளது’ என்று கேட்கும்போது தமிழ்க்காது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. எழுதி எழுதி இப்போது அது பழகிவிட்டது.

அந்த இரவில் வேளச்சேரியில் மக்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாம்.’ ‘யாரு கண்டா, வந்தாலும் வரும்.’ ‘இந்தத் தடவை நம்ம பக்கம் தண்ணி நிக்காது போல.’ ‘இவ்வளவு நேரத்துக்குள்ள ஏரியைத் திறந்திருப்பாங்க.’ இந்த நான்கு வாக்கியத்திலும் ஐயம், சந்தேகம், நிச்சயமின்மை என்று ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. ஐயம் முழுவதும் வால்களில் இருக்கிறது. ‘ஆம்’ ஒட்டினால் நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையதல்ல. ‘போல’ வந்தால் கண்ணில் படுவதை வைத்து ஊகிக்கிறேன். ‘திறந்திருப்பாங்க’ என்பது எதிர்கால வினையின் உருவில் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய அனுமானம். ‘வந்தாலும் வரும்’ என்பதில் இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன.

இந்தக் கடைசி வடிவத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் பெயரே உண்டு: ஐய உம்மை. உம் என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. ‘எச்சம் சிறப்பே ஐயம் எதிர்மறை’ என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் மூன்றாவது ஐயம். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘அவன் வெல்லினும் வெல்லும்’. சேப்பாக்கத்தில் கடைசி ஓவரில் பதினெட்டு ரன் வேண்டியிருக்கும்போது மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ‘ஜெயிச்சாலும் ஜெயிக்கும் மச்சி’ என்று சொல்வது அதே வாக்கியம்தான். வினைச்சொல் மட்டும் மாறியிருக்கிறது.

ஐயத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட இடைச்சொல்லும் பழந்தமிழில் இருந்தது. ‘கொல்லே ஐயம்’ என்று அதற்கு இரண்டே சொல்லில் நூற்பா எழுதிவிட்டார் தொல்காப்பியர். காமத்துப்பாலின் முதல் குறள் முழுவதும் அந்தக் ‘கொல்’லின் மேல்தான் நடக்கிறது:

அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு.

தேவதையா, மயிலா, பெண்ணா என்று மூன்று முறை கொல் வருகிறது. பேச்சிலிருந்து அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. அதன் வேலையை ‘ஓ’ எடுத்துக்கொண்டது: வருவானோ மாட்டானோ, என்னவோ, யாரோ, எப்பவோ.

தொல்காப்பியத்தில் இதைவிட எனக்குப் பிடித்த இடம் கிளவியாக்கத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று ஆணா பெண்ணா பலரா என்று காட்டியே ஆக வேண்டும். தூரத்தில் ஓர் உருவம் வருகிறது. ஆளென்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. வாக்கியத்தை எப்படி முடிப்பது? ‘பால்மயக் குற்ற ஐயக் கிளவி, தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்’ என்கிறது நூற்பா. பன்மையில் முடித்துவிடு. ‘ஆண்மகன் கொல்லோ பெண்டாட்டி கொல்லோ இஃதோ தோன்றுவார்’ என்பது உரைகாரர்களின் எடுத்துக்காட்டு. வேலை முடிந்து வீடு திரும்பும்போது அடுக்குமாடி வாசலில் காவலாளி ‘யாரோ வந்து கேட்டாங்க சார்’ என்று சொல்வதில் மரியாதை பாதி, இந்த விதி பாதி. வந்தது டெலிவரிப் பையனா பக்கத்து வீட்டு அம்மாவா என்று அவருக்கு நினைவில்லை. மொழி அவரைக் காப்பாற்றிவிடுகிறது.

அந்த உருவம் ஆள்தானா என்பதே தெரியாவிட்டால்? அதற்கும் உரையில் ஓர் உதாரணம் தயாராக இருக்கிறது: ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ.’ குற்றி என்றால் வெட்டி நிறுத்திய மரக்கட்டை. மாலை மங்கலில் ஒற்றையாக நிற்பது கட்டையா மனிதனா என்ற இந்தப் படம் தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. வடமொழி நியாய நூல்களில், அதாவது தர்க்க நூல்களில், ‘சம்சயம்’ (ஐயம்) என்பதை விளக்க வருவதும் இதே கம்பமும் மனிதனும்தான். மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அறியும் வழிகளை வகுத்துச் சொல்லும் அளவைவாதி, அறிவில் நேரும் பிறழ்ச்சிகள் எட்டை அடுக்குகிறான். அங்கேயும் கம்பம் ‘தறி’ என்ற பெயரில் நிற்கிறது:

ஐயம் என்பது ஒன்றை நிச்சயியா
மையல் தறியோ மகனோ என்றல்

அவனுடைய பட்டியலில் ஐயத்துக்கு அடுத்தது ‘தேராது தெளிதல்’: குதிரை ஏறி விளையாடும் திடலில் நிற்கும் தறியை, ஓராமல் மகன் என்றே உணர்ந்துவிடுவது. அதாவது தறியா மகனா என்று தயங்குவது ஒரு பிறழ்ச்சி என்றால், விசாரிக்காமல் மகன்தான் என்று அடித்துச் சொல்வது இன்னொரு பிறழ்ச்சி. இரண்டுக்கும் ஒரே வரிசையில் இடம். குறள் இதையே அரசியலுக்குக் கொண்டுபோகிறது: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் தீராத் துன்பம்.

கம்பம், மனிதன் என்ற உதாரணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பம் என்றால் என்னவென்று பார்ப்பவருக்குத் தெரியும். மனிதன் என்றால் என்னவென்றும் தெரியும். இரண்டில் ஒன்றைத் தெரியாதவருக்கு இந்த ஐயமே வராது. ஆக ஐயப்படுவதற்குக் குறைந்தது இரண்டு பொருள் தெரிந்திருக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் வினாக்களை ஆறாகப் பிரிக்கும்போது அறியாமையால் எழும் வினாவையும் ஐயத்தால் எழும் வினாவையும் தனித்தனியாக வைத்தது இதனால்தான். கிண்டிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டால் அது அறியா வினா. கிண்டிக்குப் போவது இந்த பஸ்ஸா அதோ பின்னால் வருகிறதே அதுவா என்று கேட்டால் ஐய வினா. பள்ளிப் பிள்ளைகள் இதை ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ‘ஐயம் திரிபு அற’ என்று மேடையில் முழங்குகிறவர்களும் யோசிப்பதில்லை: அந்தத் தொடரில் ஐயம் வேறு, திரிபு வேறு. இரண்டில் எது என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை இன்னொன்றாகக் கொண்டுவிடுவது திரிபு.

சரி, ‘ஐயம்’ எங்கிருந்து வந்தது? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைப் பிரித்தால் ‘ஐயம்’ பல திசைகளில் போகிறது. ஒன்று சந்தேகம். இன்னொன்று பிச்சை: திருவல்லிக்கேணியில் மார்கழி விடியலில் ஒலிக்கும் திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் ‘ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி’ என்று வருவதும், ஆத்திசூடியின் ‘ஐயமிட்டு உண்’ணும் அந்த ஐயம். மற்றொன்று சளி: வாதம், பித்தம், ஐயம் என்று சித்த மருத்துவர் எண்ணும்போது மூன்றாவது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் ஒருவருக்கு ஐயம் கூடியிருக்கிறது என்றால் அவர் பெண்டாட்டியைச் சந்தேகிக்கிறார் என்று பொருளில்லை.

ஒலி ஒன்றாக இருப்பதால் இவை மூன்றும் ஒரே வேர் என்று சொல்லிக் கதை கட்டுகிறவர்கள் உண்டு. நெஞ்சில் கட்டுவது சளி, நெஞ்சை அடைப்பது சந்தேகம் என்றெல்லாம் கேட்க அழகாக இருக்கும். ‘ஐ வியப்பாகும்’ என்று தொல்காப்பியம் உரியியலில் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, வியப்பிலிருந்துதான் ஐயம் பிறந்தது என்று இன்னொரு கதையும் சொல்லலாம். ஒலி ஒப்புமை சான்று ஆகாது. தமிழில் ஓரெழுத்துச் சொற்களின் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம் என்பதால்தான் இந்த விளையாட்டு இவ்வளவு எளிதாக இருக்கிறது.

சொல்லின் பிறப்பைக் காட்டிலும் அதன் குடும்பத்தைத் திருக்குறளில் பார்ப்பது பலன் தரும். ஐயம், ஐயப்படாது, ஐயுறவு, ஐயப்பாடு என்று நான்கு உருவங்களில் அது வருகிறது. ஐயப்பாடு வருவது ஒற்றாடலில்: மறைந்தவற்றைக் கேட்டறிந்து, ‘அறிந்தவை ஐயப்பாடு இல்லதே ஒற்று.’ உளவுத்துறைக்கு இதைவிடச் சுருக்கமாக வேலை விளக்கம் எழுத முடியுமா என்று தெரியவில்லை. கூடவே ‘அயிர்ப்பு’ என்று ஒரு சொல்லும் பழைய நூல்களில் ஐயத்துக்கு இணையாக வரும். அது இன்று அகராதியில் மட்டும் இருக்கிறது.

வடமொழியிலிருந்து வந்த ‘சந்தேக’த்தின் பிறப்பில் அந்த மாதிரிச் சிக்கல் இல்லை. ‘திஹ்’ என்ற வேருக்குப் பூசுதல், அப்புதல் என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் ‘தேகம்’, அதாவது அப்பி உருவாக்கிய உடம்பு. அதற்கு முன்னால் ‘சம்’ சேர்ந்தால், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து அப்பியது சந்தேகம். தேகமும் சந்தேகமும் உடன்பிறப்பு. ‘சம்சயம்’ வேறு குடும்பம்: ‘சீ’ என்ற வேருக்குப் படுத்தல் என்று பொருள், சயனம் அதிலிருந்து வந்தது. முடிவெடுக்காமல் மனம் படுத்துக்கிடப்பது சம்சயம்.

சென்னையில் இந்தச் சொற்களின் விளையாட்டை ஒரே மாடிப்படியில் கேட்கலாம். மலையாளி வீட்டில் சந்தேகத்துக்கு அன்றாடச் சொல் ‘சம்சயம்’. தெலுங்கு வீட்டில் ‘அனுமானம்’ என்றால் சந்தேகம். தமிழ் வீட்டில் அனுமானம் என்றால் யூகித்தல். ‘எனக்கு அனுமானமா இருக்கு’ என்று தெலுங்குக்காரர் தமிழில் சொன்னால் அவர் ஏதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். அவரோ நம்மை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

சேர்த்து அப்பியது என்ற படிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழின் சொந்தச் சொற்களுக்கு வந்தால் அங்கேயும் அதே காட்சி. மயங்குதல் என்றால் முதலில் கலத்தல். ஒரு நிலத்துக்குரியது இன்னொன்றில் கலந்து வந்தால் திணை மயக்கம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்ந்தால் மெய்ம்மயக்கம். கலந்ததைப் பிரிக்க முடியாதபோது வரும் தடுமாற்றமும் மயக்கமே. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தைச் சொல்லும்போது ‘மயங்க வைத்தல்’ அதில் ஒன்று: படிப்பவர் இதுவா அதுவா என்று தடுமாறும்படி எழுதுவது. கலங்குவது தண்ணீர், அப்புறம் மனம். குழம்புவது அடுப்பில் புளித்தண்ணீர், அப்புறம் மூளை. குழப்பம் என்ற சொல்லுக்குள் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை நாம் மறந்துவிட்டோம்.

எதிர்ச்சொற்களும் அதே பாத்திரத்திலிருந்துதான். ஐயம் போனால் என்ன வரும்? தெளிவு. ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு’ என்கிறது குறள். தெளிவது முதலில் தண்ணீர். வண்டல் கீழே படிந்து மேலே தெளிகிறது. தேறுவதும் அப்படியே. இலக்கணத்தில் உறுதிப்பொருளுக்குத் தேற்றம் என்று பெயர். ‘அவனே செய்தான்’ என்பதிலுள்ள ஏகாரம் தேற்ற ஏகாரம். தண்ணீரைத் தேற்றும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். அந்த மரத்துக்குப் பழைய பெயர் இல்லம். அதன் விதையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால் அழுக்கு திரண்டு அடியில் படியும். கலித்தொகையில் பிரிவால் பித்தேறிப் புலம்பிய பெண் தலைவன் வந்ததும் தன்னிலைக்கு வருவதை ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து’ என்று பாடுகிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். தமிழ் தானாக வளர்த்த சொற்களில் ஐயம் ஒரு வெற்றிடமாக இல்லை. அங்கே பொருள் இருக்கிறது. அளவுக்கு மேலேயே இருக்கிறது. அது கலந்து கிடக்கிறது. அசையாமல் வைத்தாலோ தேற்றாங்கொட்டை போட்டாலோ பிரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு படிமம் எண்ணிக்கை சார்ந்தது. ஆங்கிலத்தின் ‘டவுட்’ லத்தீனில் இரண்டைக் குறிக்கும் ‘துவோ’விலிருந்து வருகிறது, ஜெர்மன் மொழியில் சந்தேகத்துக்கான ‘ட்ஸ்வைஃபெல்’ என்ற சொல்லிலும் இரண்டு என்ற எண் ஒளிந்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் கிடக்கும் ‘பி’ பிற்காலப் பண்டிதர்கள் லத்தீனைக் காட்டுவதற்காகச் சொருகியது. நம் டியூஷன் சென்டர்களின் ‘டவுட்டு’ அந்தச் சொருகலைச் சட்டைசெய்யாதது நல்லதுதான். தமிழில் இந்த இரண்டு, ‘தலை’யாக வருகிறது. தலை என்றால் முனை. அகநானூற்றில் இரண்டு முனையும் எரியும் கொள்ளியின் நடுவே நின்று, ‘ஒருதலைப் படாஅ உறவி’ ஒன்று தவிக்கிறது. உறவி என்றால் எறும்பு. எந்த முனைக்குப் போவது என்று முடிவு செய்ய முடியாத அந்த எறும்பு இன்றைக்கும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பாட்டின்படி இருதலை தவிப்பு என்றால் ஒருதலை உறுதி. குறள் அமைச்சனுக்குச் சொல்லும் தகுதிகளில் ‘ஒருதலையாச் சொல்லல்’ ஒன்று. துணிந்து இதுதான் என்று சொல்வது. இன்றைக்கு ஓர் அமைச்சர் ஒருதலையாகப் பேசினார் என்று எழுதினால் அவருடைய வக்கீல் நோட்டீஸ் வரும். ஒருதலைப்பட்சம், ஒருதலைக் காதல், ஒருதலைத் தீர்ப்பு என்று அந்தச் சொல்லின் எல்லா இன்றைய வடிவங்களும் குற்றச்சாட்டுகளாக மாறிவிட்டன. உறுதியைச் சொல்ல வந்த சொல் ஓரவஞ்சனையைச் சொல்லும் சொல்லானது. எப்படி மாறியது என்று ஊகிக்க முடிகிறது. ஒரு முனையைப் பிடித்தவன் மற்ற முனையை விட்டவன்தானே.

சந்தேகத்துக்கும் இதேபோல் ஒரு சரிவு நேர்ந்திருக்கிறது. பேச்சில் அது பொருள்களைப் பற்றிய தடுமாற்றத்தைக் காட்டிலும் ஆள்களைப் பற்றிய அவநம்பிக்கையையே அதிகம் சொல்கிறது. ‘அவன் சந்தேகப்படுறான்’ என்றால் எதைப் பற்றி என்று யாரும் கேட்பதில்லை. குடும்பப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் ‘சந்தேக மரணம்’ என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 194. எழும்பூர் கோர்ட்டில் ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்று தீர்ப்பு வரும்போது மட்டும் சந்தேகம் ஒருவருக்கு நன்மை செய்கிறது. நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், பகைவர் அல்லர். வகுப்பறையிலும் சொற்பொழிவிலும் மட்டும் ‘ஐயம்’ இன்னும் சுத்தமாக இருக்கிறது. யாரையும் குற்றம் சாட்டாமல் கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஐயம் என்று தொடங்குவது பாதுகாப்பு.

ஏறத்தாழக் கணக்குக்கு நகரத்தில் புழங்கும் சொற்களையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். சுமார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. அங்கே அதற்கு எண்ணிக்கை என்றே பொருள். தமிழுக்கு வந்து எண்ணாமல் சொல்வதற்கும், ‘படம் சுமார்’ என்று சலித்துக்கொள்வதற்கும் பயன்படுகிறது. உத்தேசம் வடமொழி, குத்துமதிப்பு தமிழ். ‘குன்சா சொல்லுப்பா’ என்பது சென்னையின் சொந்தச் சரக்கு. கல்யாண கான்ட்ராக்டர் முதல் பெயின்டர் வரை இந்த நாலைந்து சொற்களில்தான் எஸ்டிமேட் தருகிறார்கள். முடிவில் வரும் பில் அவற்றில் எதற்கும் கட்டுப்படாது.

இவ்வளவு சொல் இருக்கும்போது பாடநூலும் செய்தித்தாளும் ‘நிச்சயமற்ற தன்மை’, ‘நிச்சயமின்மை’ என்று எதிர்மறையில் போய் நின்றது ஏன்? ஆங்கிலச் சொல் எதிர்மறை முன்னொட்டோடு இருக்கிறது. அதை அப்படியே அளவெடுத்துத் தைத்த சட்டை இது. இயற்பியலில் ஹைசன்பர்க் 1927இல் வெளியிட்ட கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எவ்வளவு கூர்மையாக வேண்டுமானாலும் வரையறுத்துவிட முடியாது. ஒன்று கூரானால் மற்றது மங்கும். தம் ஜெர்மன் கட்டுரையில் அவர் துல்லியமின்மை என்று பொருள்படும் சொல்லையும், வரையறுக்கப்படாமை என்று பொருள்படும் சொல்லையும்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். உறுதியின்மை என்ற பொருள்தரும் சொல் ஓரமாகத்தான் வருகிறது. இன்று ஜெர்மானியர்கள் சொல்வது ‘உன்ஷேர்ஃபெ’, கூர்மையின்மை. போட்டோ கலங்கலாக விழுந்தாலும் அதே சொல்தான். 1930இல் அவருடைய சிகாகோ உரைகள் ஆங்கில நூலாக வந்தபோது உறுதியின்மை முன்னுக்கு வந்தது. தமிழ் அந்த ஆங்கிலத்தை மொழிபெயர்த்தது. விளைவு: எலக்ட்ரானின் இயல்பைப் பற்றிய ஒரு கூற்று, பார்ப்பவரின் மனத்தடுமாற்றம்போல ஒலிக்கிறது. எத்தனையோ மாணவர்கள் கருவி நன்றாக இருந்தால் நிச்சயமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதி வெளியே வருகிறார்கள்.

நிச்சயம் என்ற சொல்லுக்குச் சென்னையில் வேறு வேலையும் இருக்கிறது. ‘நிச்சயத்துக்கு எத்தனை பேரு வருவீங்க?’ என்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கும் கேள்வி. நிச்சயமற்ற தன்மை என்று கேட்டதும் தாம்பூலம் மாற்றுவதற்குள் ஏதோ தகராறு ஆகிவிட்டதுபோல ஒரு நிழல் வந்து போகிறது.

ஒப்பிட்டால் புள்ளியியலுக்கு வந்த ‘நிகழ்தகவு’ எவ்வளவு நல்ல ஆக்கம்! தகவு குறளிலேயே இருக்கும் சொல், தகுதி, நடுநிலை என்ற பொருளில். நிகழ்வதற்கு எவ்வளவு தகுதி என்று நேராகச் சொல்லிவிடுகிறது. அதை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பொருளைப் பார்த்துவிட்டுத் தமிழில் யோசித்திருக்கிறார்.

இயற்பியலில் இனி மாற்றுவது கடினம். விடைத்தாளில் ‘கூர்மையின்மைக் கோட்பாடு’ என்று எழுதும் பிள்ளைக்கு மார்க் போய்விடும். செய்தி எழுதுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ரூபாயின் மதிப்பில் நிச்சயமற்ற தன்மை நிலவுகிறது என்பதற்குப் பதில் ‘ரூபாய் இன்னும் இறங்கினாலும் இறங்கும்’ என்று எழுதலாம். துணையாசிரியர் அதை அடிக்கக்கூடும். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் எவரும் அடிக்கமாட்டார்கள்.